மாடிவரை எட்டும் வைஃபை: ரவுட்டரோடு ரவுட்டரை இணைக்கும் வழிகள்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர், கேபிள் எந்தச் சுவர் வழியாக உள்ளே வருகிறதோ அந்தச் சுவரிலேயே ஓஎன்டி பெட்டியை (ஃபைபரில் வரும் நெட்டை வைஃபையாக்கித் தரும் ரவுட்டர்) மாட்டிவிட்டுப் போய்விடுவார். பெரும்பாலும் அது வாசல் பக்கத்து ஹாலாக இருக்கும். ஹாலில் நெட் பறக்கும். பின்பக்கப் படுக்கையறையிலும் மாடியிலும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். உடனே நாலு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய ரவுட்டராகப் பார்த்து வாங்கி மாட்டுபவர்கள் உண்டு. அதில் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். ரவுட்டரின் சிக்னல் போனை எட்டினால் மட்டும் போதாது. போன் அனுப்புவதும் ரவுட்டருக்குத் திரும்பி வந்து சேர வேண்டும். போனின் ஆன்டெனா சின்னது, சக்தியும் குறைவு. நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இருந்தால் அந்தத் திரும்பும் வழியில்தான் எல்லாம் சிக்கும்.

இப்படிப்பட்ட வீடுகளுக்குச் சரியான வழி, இன்னொரு பெட்டியை வைத்து முதல் பெட்டியோடு இணைப்பது. பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரே பல வீடுகளுக்குப் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: இரண்டாவது பெட்டி, தன்னிடம் வந்து சேர்கிற நெட்டைத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்கும். போனில் மாடி வைஃபை முழுக் கோடு காட்டும், ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்காது என்ற புகாருக்கெல்லாம் காரணம் இதுதான். அந்தக் கோடு போனுக்கும் மாடிப் பெட்டிக்கும் நடுவில் உள்ள சிக்னலைக் காட்டுகிறது. மாடிப் பெட்டிக்கும் கீழ்ப் பெட்டிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது அதில் தெரியாது. ஆகவே எந்த மாடல் வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே நெட் எதன் வழியாகப் போகப்போகிறது என்பதை முடிவு செய்யுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க ஒரு சுற்று நடந்து வாருங்கள். ஐபோனில் அப்படிப்பட்ட ஆப்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டி ஆப்பில் வைஃபை ஸ்கேனர் ஒன்று இருக்கிறது, அதை செட்டிங்ஸில் போய் ஆன் செய்ய வேண்டும்.

சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில், மைனஸ் எண்ணாக வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் தடையில்லாமல் போகும். மைனஸ் 75-ஐத் தாண்டினால் வைஃபை பெயர் தெரியும், வேலை ஓடாது. நடக்கும்போது கதவுகளை வழக்கம்போல் சாத்தி வைத்தே அளவெடுங்கள். ஸ்டீல் பீரோ, கண்ணாடி பதித்த அலமாரி, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் நிழலில் எண் சட்டென்று விழுவதை நீங்களே பார்க்கலாம்.

இந்த நடையிலேயே சில சமயம் பிரச்சினை தீர்ந்துவிடும். டிவி ஸ்டாண்டின் உள்ளே, செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஓஎன்டியை வெளியே எடுத்து, நெஞ்சு உயரத்துக்கு மேல் சுவரில் மாட்டினாலே பின்னறைக்கு எட்டிவிடுகிற வீடுகள் நிறைய. அதைச் செய்த பிறகும் எட்டவில்லையென்றால் மேலே படியுங்கள்.

கேபிள் போக வழி உண்டா?

இரண்டு பெட்டிகளையும் இணைக்க ஈதர்நெட் கேபிளை மிஞ்சியது எதுவும் இல்லை. கேட் 5இ ஆனாலும் கேட் 6 ஆனாலும் 100 மீட்டர் தூரம் வரை நொடிக்கு 1 கிகாபிட் வேகம் கொண்டுபோகும். எந்த வீட்டுக்கும் அது தாராளம். சுவரை உடைக்க வேண்டுமே என்று பயந்து பலர் இந்த வழியை யோசிப்பதே இல்லை. ஆனால் பழைய லேண்ட்லைன் போனுக்குப் போட்ட பைப், மாடியில் டிஷ் வைத்தபோது துளைத்த ஓட்டை, படிக்கட்டுச் சுவரை ஒட்டிய பிவிசி கேசிங் என்று ஏதோ ஒரு வழி அநேகமாக இருக்கும். பைப்பில் உபயோகமில்லாத பழைய ஒயர் கிடந்தால் இன்னும் சுலபம்: அதன் முனையில் புதுக் கேபிளைக் கட்டி, ஒருவர் மெல்லத் தள்ள, இன்னொருவர் மறுமுனையிலிருந்து இழுத்தால் வந்துவிடும். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் நெட் கேபிளைச் சேர்த்து நுழைக்காதீர்கள்.

கேபிள் வாங்கும்போது ஒரு விஷயம். ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் மீட்டர் விலை மிகக் குறைவாக வருவது பெரும்பாலும் சிசிஏ, அதாவது அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு. மடங்கினால் முறியும், தூரம் கூடினால் சொதப்பும். முழுச் செம்புக் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். அது கனமாக இருக்கும். கம்பி முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியாது.

இழுத்த பிறகுதான் முனைகளில் ஆர்ஜே45 கனெக்டரைக் கிரிம்ப் செய்ய (கருவியால் அழுத்திப் பொருத்த) வேண்டும். கனெக்டரின் கிளிப் பின்பக்கம் இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதே வரிசை. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு: நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும், கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். நீலத்திலோ பிரவுனிலோ ஒரு கம்பி சரியாகக் கடிபடாமல் போனால் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 300 மெகாபிட் பிளான் போட்டும் மாடியில் 94, 95-க்கு மேல் ஏறவில்லையென்றால் முதலில் கனெக்டரைப் பாருங்கள். அடுத்து போர்ட்டைப் பாருங்கள். பழைய ரவுட்டர்கள் பலவற்றில், உதாரணமாக டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் மாடலில், போர்ட்டே 100 மெகாபிட்தான். சில ஓஎன்டிகளில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட்டாகவும் மற்றவை 100 ஆகவும் இருக்கும்.

பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக்குவது

புதிய ரவுட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்புவது மட்டும்) என்று தனியாகவே இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, ஓஎன்டியின் லேன் போர்ட்டிலிருந்து (வீட்டுச் சாதனங்களைச் செருகும் துளை) வரும் கேபிளைச் செருகினால் வேலை முடிந்தது. அந்த மோட் இல்லாத பழைய பெட்டிக்கு இந்த வரிசையில் போங்கள். வரிசை முக்கியம், மாற்றிச் செய்தால் நடுவில் பெட்டிக்குள் நுழைய முடியாமல் மறுபடி ரீசெட் செய்ய வேண்டிவரும்.

1. ரீசெட் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்துப் பழைய செட்டிங்குகளை அழியுங்கள். ஓஎன்டியோடு இன்னும் இணைக்க வேண்டாம். லேப்டாப்பை மட்டும் கேபிளில் செருகி, பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முகவரியைப் பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள்.

2. வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை மூன்றையும் போடுங்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ2 அல்லது அதற்கு மேல். டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனாலோ பின் எண்ணாலோ சேர்க்கும் வசதி) இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

3. பெட்டியின் லேன் முகவரியை மாற்றுங்கள். ஓஎன்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். ஓஎன்டி மற்ற சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வரம்பு 192.168.1.2-லிருந்தே தொடங்கினால், ஓஎன்டிக்குள் போய் அந்தத் தொடக்கத்தை 192.168.1.10 என்று தள்ளி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் என்றைக்காவது ஒரு போனும் ரவுட்டரும் ஒரே முகவரிக்கு மல்லுக்கு நிற்கும்.

4. புது முகவரியில் மறுபடி உள்ளே போய் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) ஆஃப் செய்யுங்கள்.

5. ஓஎன்டியின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளை இந்த ரவுட்டரின் லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். வான் போர்ட் (வெளியிலிருந்து நெட் வாங்கும் துளை) காலியாகவே இருக்கட்டும்.

வான் போர்ட்டில் செருகினாலும் நெட் வரும். அதனால்தான் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் மாடியில் இருப்பவை தனி நெட்வொர்க் ஆகிவிடும். கீழே இருக்கும் போனிலிருந்து மாடி பிரிண்டருக்கு அச்சுக் கொடுக்க முடியாது, மாடி டிவிக்கு வீடியோ அனுப்ப முடியாது. டிஹெச்சிபியை ஆஃப் செய்ய மறந்தால் வேறு மாதிரித் தொல்லை: சில போன்கள் ஓஎன்டியிடம் முகவரி வாங்கும், சில ரவுட்டரிடம் வாங்கும். ரவுட்டரிடம் வாங்கியவற்றில் வைஃபை கனெக்ட் ஆகியிருக்கும், இன்டர்நெட் இல்லை என்று காட்டும். வீட்டில் பாதிப் பேருக்கு வருகிறது, பாதிப் பேருக்கு வரவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கேபிளால் இணைத்த இரண்டு பெட்டிகளும் வேறு வேறு சேனலில் இருக்கட்டும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11 வையுங்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும்.

கேபிளே முடியாது என்றால்: டபிள்யூடிஎஸ்

வாடகை வீடு, ஓட்டை போட ஓனர் விடமாட்டார், படிக்கட்டு வேறு வெளிப்பக்கம். சரி, அப்போது இரண்டு பெட்டிகளையும் காற்று வழியாகவே பேசவைக்க வேண்டும். அதற்கான பழைய, இன்றும் பல ரவுட்டர்களில் இருக்கிற ஏற்பாடு டபிள்யூடிஎஸ்.

சாதாரணமாகப் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே போகும் வைஃபை பொட்டலத்தில் மூன்று முகவரிகள் இருந்தால் போதும். ரவுட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே போவதற்கு நான்கு வேண்டும்: எந்தப் பெட்டி அனுப்புகிறது, எந்தப் பெட்டி வாங்குகிறது, உண்மையில் யாரிடமிருந்து கிளம்பியது, கடைசியில் யாருக்குப் போக வேண்டும். இந்த நான்கு முகவரிப் பொட்டலம் வைஃபைக்கான 802.11 தரத்திலேயே இருக்கிறது. அதை வைத்து இணைப்பை எப்படி ஏற்படுத்துவது என்பதைத் தரம் வரையறுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் செய்தது. 2003-ல் வந்த ஆப்பிளின் ஏர்போர்ட் எக்ஸ்ட்ரீம், தலைமைப் பெட்டி, நடுவில் கைமாற்றும் பெட்டி, கடைசிப் பெட்டி என்று மூன்று வேடம் வைத்து இதை நன்றாகவே செய்தது. ஆனால் பக்கத்தில் வேறு கம்பெனிப் பெட்டியை வைத்தால் ஒத்துப்போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இன்றும் அதே கதைதான். டபிள்யூடிஎஸ் போடப் போகிறீர்கள் என்றால் ஒரே கம்பெனியின் இரண்டு ரவுட்டர்களாகப் பாருங்கள், முடிந்தால் ஒரே மாடல். ஓஎன்டி அதற்கு ஒத்துவரவில்லையென்றால் ஒரு ரவுட்டரைக் கேபிளில் ஓஎன்டியோடு இணைத்து, அதற்கும் மாடி ரவுட்டருக்கும் நடுவில் டபிள்யூடிஎஸ் போடலாம்.

அமைக்கும் முறை இது. முதலில் கீழ்ப் பெட்டியில் சேனலை ஆட்டோவிலிருந்து எடுத்து ஒரு எண்ணில் நிலையாக வையுங்கள். ஆட்டோவில் விட்டால் ஒருநாள் ராத்திரி அது தானாக வேறு சேனலுக்குத் தாவும்; மாடி இணைப்பு அறுந்து நிற்கும், காரணமும் புரியாது. 5 ஜிகாஹெர்ட்ஸில் இணைப்பதாக இருந்தால் 36 முதல் 48 வரை, அல்லது 149-க்கு மேலே எடுங்கள். நடுவில் 52-லிருந்து உள்ள சேனல்களில் ரேடார் சிக்னல் என்று சந்தேகம் வந்தாலே ரவுட்டர் விலகி வேறிடம் போக வேண்டும் என்பது விதி.

அடுத்து மாடிப் பெட்டியைக் கீழேயே, பக்கத்தில் வைத்துக்கொண்டு அமைத்து முடியுங்கள். மேலே சொன்னது போலவே லேன் முகவரியை மாற்றி, வயர்லெஸ் பக்கத்தில் டபிள்யூடிஎஸ் பிரிட்ஜிங் என்பதை டிக் செய்து, சர்வே பட்டனை அழுத்தினால் சுற்றியுள்ள வைஃபைகளின் பட்டியல் வரும். உங்களுடையதைத் தேர்ந்தெடுத்துக் கீழ்ப் பெட்டியின் பாஸ்வேர்டைக் கொடுங்கள். இரண்டின் சேனலும் ஒன்றாக இருக்க வேண்டும். கேபிள் இணைப்புக்குச் சொன்னதற்கு இது நேர்மாறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். பாதுகாப்பு முறையும் ஒன்றாக இருக்கட்டும். கீழே டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய பெட்டி சேராது; டபிள்யூபிஏ2-வும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். பழைய பெட்டி டபிள்யூஇபி என்ற பழைய பாதுகாப்பு முறையில்தான் டபிள்யூடிஎஸ் பேசும் என்றால் அதைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடலாம், டபிள்யூஇபி பூட்டு 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. கடைசியாக டிஹெச்சிபி ஆஃப். இணைப்பு வந்துவிட்டதா என்று ஸ்டேட்டஸ் பக்கத்தில் உறுதி செய்த பிறகு மாடிக்கு எடுத்துப் போங்கள்.

எங்கே வைப்பது? புதிதாகச் செய்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். சிக்னல் இல்லாத அறையில் கொண்டுபோய் வைப்பார்கள். அங்கே போனுக்கே வராத சிக்னல் பெட்டிக்கு மட்டும் எப்படி வரும்? கீழ்ப் பெட்டியின் சிக்னல் மைனஸ் 60, 65 அளவில் இன்னும் உயிரோடு இருக்கும் கடைசி இடத்தைப் போனை வைத்துத் தேடுங்கள். பெரும்பாலும் அது படிக்கட்டு திரும்பும் இடமாகவோ மாடி வாசலாகவோ இருக்கும், ஏனென்றால் அங்கே தளத்தில் திறப்பு இருக்கிறது. அங்கே வைத்தால் அதன் சிக்னல் மேலே உள்ள அறைகளுக்குப் பரவும்.

வேகத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே ரேடியோவில் வாங்கியதை அதே ரேடியோவில் திருப்பிச் சொல்ல வேண்டியிருப்பதால் கிடைக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மூன்றாவதாக ஒரு பெட்டியைத் தொடராக மாட்டினால் அதிலும் பாதி. இரண்டு அலைவரிசை உள்ள பெட்டியென்றால், பெட்டிகளுக்கு நடுவே 5 ஜிகாஹெர்ட்ஸும் போன்களுக்கு 2.4-ம் என்று பிரித்து இந்த இழப்பைக் குறைக்கலாம். மூன்றாவது பெட்டி தேவைப்படுகிற நிலை வந்தால், கேபிளைப் பற்றி ஓனரிடம் இன்னொரு முறை பேசிப் பார்ப்பது நல்லது.

பிளக்கில் நேராகச் செருகும் ரிப்பீட்டர்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. கீழ் ரவுட்டருக்கு நான்கு முகவரி புரியாவிட்டாலும் சமாளிப்பதற்காக, தனக்குப் பின்னால் உள்ள எல்லாச் சாதனங்களையும் தன் பெயரிலேயே காட்டிக்கொள்கிற வகை அவற்றில் அதிகம். கீழ் ரவுட்டரில் மேக் ஃபில்டர் (பட்டியலில் உள்ள சாதனங்களை மட்டும் அனுமதிக்கும் ஏற்பாடு) போட்டிருந்தால் அதனால் குழப்பம் வரும். மற்றபடி ஒரே ஒரு அறைக்கு மலிவாக வேண்டுமென்றால் குறை சொல்ல மாட்டேன்.

மெஷ் வாங்கலாமா?

மெஷ் என்பது சேர்ந்து வேலை செய்யும்படி செட்டாக விற்கும் பெட்டிகள். வாங்கலாம், பணம் இருந்தால். டிபி-லிங்க் டெக்கோ மாதிரியான செட்டுகளில் சேனல், பெயர், முகவரி எல்லாவற்றையும் ஆப்பே பார்த்துக்கொள்ளும். ஆனால் அதன் பெட்டிகளும் காற்றில்தான் பேசிக்கொள்கின்றன. படிக்கட்டுக் கணக்கு அதற்கும் பொருந்தும். மூன்று ரேடியோ உள்ள செட் என்றால் ஒன்றைப் பெட்டிகளுக்கு நடுவே மட்டும் ஒதுக்கும், வேகம் அவ்வளவாகக் குறையாது. கேபிளிலும் இணைக்க முடியுமா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு கம்பெனிப் பெட்டிகளைக் கலக்க நினைத்தால் இரண்டிலும் ஈஸிமெஷ் முத்திரை இருக்க வேண்டும், வைஃபை அலையன்ஸ் 2018-ல் கொண்டுவந்த தரம் அது.

மின்சார ஒயர் வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டர்களும் கிடைக்கின்றன. த்ரீ ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மாடி வேறு ஃபேஸிலும் இருந்தால் அவை தடுமாறும். திருப்பிக் கொடுக்க முடிகிற கடையில் மட்டும் வாங்கிப் பாருங்கள்.

ஒரே பெயரா, இரண்டு பெயரா?

சோதிக்கும் வரை மாடிக்கு வேறு பெயர் வையுங்கள். போன் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். எல்லாம் சரியானதும் பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை மூன்றையும் ஒன்றாக்கிவிட்டால் போன் தானாக மாறிக்கொள்ளும். எப்போது மாறுவது என்று முடிவு செய்வது போன்தான், ரவுட்டர் அல்ல. மாடிக்கு வந்த பிறகும் கீழ்ப் பெட்டியையே விடாமல் பிடித்துக்கொண்டு திணறுகிற போன்கள் உண்டு. கீழ்ப் பெட்டியின் டிரான்ஸ்மிட் பவரைக் கொஞ்சம் குறைத்தால் அவை விட்டுவிடும். சிக்னலைக் குறைத்து வைஃபையைச் சரி செய்வது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் வேலை செய்கிறது.

தோட்டத்து ஷெட், எதிர்க் கட்டடம்

வீட்டைத் தாண்டி மோட்டார் ரூமுக்கோ பின்பக்கத் தனிக் கட்டடத்துக்கோ கொண்டுபோக வேண்டுமென்றால் வீட்டு ரவுட்டர்களை நம்பாதீர்கள். வெளியில் மாட்டும் ஜோடி ஆன்டெனாக்கள் இருக்கின்றன, டிபி-லிங்க் சிபிஇ510 அந்த ரகம். ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். நடுவில் தென்னை மட்டை ஆடினால் சிக்னலும் ஆடும், மழையில் நனைந்த இலை இன்னும் மோசம். கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கேபிளை வெட்டவெளியில் இழுப்பதைத் தவிருங்கள். ஐப்பசி இடிமழையில் பக்கத்தில் எங்கோ விழும் இடியே அந்தக் கேபிள் வழியாக இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகளைக் கருக்கிவிடும். ஃபைபரும் இரண்டு மீடியா கன்வெர்ட்டர்களும் (ஃபைபரையும் ஈதர்நெட்டையும் இணைக்கும் பெட்டிகள்) போட்டால் அந்தப் பயம் இல்லை.

இணைத்த பிறகு

டபிள்யூடிஎஸ் போட்ட வீட்டில் பின்னால் கேபிளும் இழுத்தால், கேபிளைச் செருகுவதற்கு முன் டபிள்யூடிஎஸ்ஸை ஆஃப் செய்யுங்கள். இரண்டு வழியும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் ஒரே தகவல் சுற்றிச் சுற்றி வந்து, ரவுட்டர் விளக்குகள் எல்லாம் வெறிபிடித்த மாதிரி மின்னி, மொத்த வீட்டு நெட்டும் நின்றுவிடும். கேபிளைப் பிடுங்கினால் அடுத்த நொடியே சரியாகும்.

கரண்ட் போனால் ஓஎன்டி இன்வெர்ட்டரில் ஓடும், மாடி ரவுட்டர் அணைந்துவிடும். மாடிப் பெட்டியும் இன்வெர்ட்டர் லைன் உள்ள பிளக்கில்தான் இருக்கிறதா என்று மெயினை ஆஃப் செய்து பாருங்கள். இல்லையென்றால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கலாம், ரவுட்டர் அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்து.

ஓஎன்டி பழுதாகி, கம்பெனி ஆள் வேறு பெட்டி மாட்டிவிட்டுப் போனால் சேனல், பெயர், முகவரி வரம்பு எல்லாம் புதிதாக வந்து நிற்கும்; மாடி இணைப்பு அன்றைக்கே போய்விடும். அதனால் இரண்டு பெட்டிகளின் முகவரி, சேனல், வைஃபை பெயர், பாதுகாப்பு முறை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மாடி ரவுட்டரின் அடியில் செல்லோடேப் போட்டு ஒட்டிவையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம்.